நகர்ந்த கோடு

சி.வி.ராமனைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் 1930இல் முடிந்துவிடுகின்றன. கப்பல், நீலக் கடல், 1928 பிப்ரவரி 28, ஸ்டாக்ஹோம், பிறகு மங்களம். 1987 முதல் ஒவ்வொரு வருஷமும் தேசிய அறிவியல் தினத்தன்று பள்ளிக்கூடங்களில் இதே கதை, இதே வரிசையில். விஞ்ஞானியின் சரித்திரத்தை நாயன்மார் சரித்திரம் போல எழுதுவது நமக்குப் பழகிப்போய்விட்டது. சோதனை, உறுதி, ஆட்கொள்ளல். இப்படி எழுதும்போது மனிதர் பெரிதாகிக்கொண்டே போகிறார்; அவர் எதிர்கொண்ட கேள்வி மட்டும் காணாமல் போய்விடுகிறது. எதைப் பார்த்தார், பார்த்ததற்கு என்ன பொருள் கொண்டார், பொருள் கொள்ள முடியாமல் எந்த இடத்தில் நின்றார் என்பதெல்லாம் பூஜைக்கு உதவாத விஷயங்கள்.

நான் இங்கே எழுத விரும்புவது ஒரு கோட்டின் சரித்திரம். 1940இல் பெங்களூரில் எடுக்கப்பட்ட ஒரு நிறமாலைப் படத்தில் இருந்த மங்கலான கோடு அது. சூடேறச் சூடேற அது இடம் நகர்ந்தது, அகன்றது, கரைந்தது. அந்தக் கோட்டுக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள எழுபது வருஷங்களைத் தொடர்ந்து பார்த்தால், ஒளிச்சிதறல் என்பது ஒரு நோபல் பரிசின் பெயர் மட்டுமல்ல, பொருள்கள் தம் சமச்சீர்மையை இழப்பதைக் கண்டுகொள்ளும் ஒரு வழி என்பது தெரியும். அந்த வழியில் தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் தரமணிக்கும்கூட ஓர் இடம் இருக்கிறது.

ஆரம்பத்தை 1928இலேயே வைத்துக்கொள்வோம். ஆனால் வழக்கமாகச் சொல்லப்படாத ஒரு பகுதியிலிருந்து. ராமனிடம் வேலை செய்த கே.ஆர்.ராமநாதன் 1923லேயே தண்ணீரில் சிதறிய ஒளியில் நிறம் மாறிய ஒரு பலவீனமான பகுதியைப் பார்த்துவிட்டார். அது ஏதோ அசுத்தத்தின் ஒளிர்வு என்று கொள்ளப்பட்டது. திரவத்தை எத்தனை முறை வடித்தாலும் அது போகவில்லை. 1925இல் கே.எஸ்.கிருஷ்ணன் வேறு பல திரவங்களிலும் அதையே கண்டார். ஆக, கண்ணுக்குப் பட்டு ஐந்து வருஷமாகியும் அது கண்டுபிடிப்பாகவில்லை. 1928 ஆரம்பத்தில் எஸ்.வெங்கடேஸ்வரன் கிளிசரினில் ஒரு விசேஷத்தைக் கவனித்தார்: நிறம் மாறிய ஒளி பலமாகத் தளவிளைவு கொண்டிருந்தது. அதாவது, அந்த ஒளி எல்லாத் திசையிலும் ஒன்றுபோல அதிராமல் ஒரு திசையைச் சார்ந்து அதிர்ந்தது. பிப்ரவரி முதல் வாரத்தில் கிருஷ்ணன் திரவம் திரவமாகச் சோதித்து அதையே உறுதிசெய்தார். சாதாரண ஒளிர்வு தான் வந்த திசையை மறந்துவிடும். இது மறக்கவில்லை. ஆகவே இது ஒளிர்வு அல்ல, புதுவகைச் சிதறல். 1928 மார்ச் 31இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளிவந்த முதல் குறிப்பில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் இருக்கின்றன.

நிறமாற்றம்தான் ராமன் விளைவு என்று பாடப்புத்தகம் சொல்கிறது. சரிதான். ஆனால் நிறம் மாறியது என்பதை நம்பவைத்தது திசை. இந்த இடத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். திசையைக் கேட்பது என்றால் சமச்சீர்மையைக் கேட்பது. 1928இல் அரைகுறையாகக் கேட்கப்பட்ட இந்தக் கேள்விதான் பின்னால் காந்தப் பொருள்கள் வரை போயிற்று.

கிருஷ்ணன் 1898இல் வத்திராயிருப்பில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்து, கிறிஸ்தவக் கல்லூரியிலேயே ரசாயனத் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்து, 1920இல் கல்கத்தா போனவர். இன்று தாம்பரத்தில் அந்தக் கல்லூரியின் மரங்களுக்கு நடுவே நடப்பவர்கள் கிருஷ்ணனும் இங்கே நடந்திருப்பார் என்று எண்ணிக்கொள்ளக்கூடும். அவர் படித்த காலத்தில் கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தது. சேலையூர்க் காட்டுக்கு அது குடிபெயர்ந்தது 1937இல். ஊர்ப் பெருமைக்காகச் சரித்திரத்தைப் பதினேழு வருஷம் முன்னே தள்ள வேண்டிய அவசியம் நமக்கில்லை. தாம்பரம் பக்கத்துக்கு இந்த விஷயத்தில் உள்ள உரிமை வேறு. அது கல்லில் இருக்கிறது.

மின்சார ரயிலில் தாம்பரத்திலிருந்து பரங்கிமலை போகும்போது பல்லாவரம், திரிசூலம் பகுதிகளில் தெரியும் குன்றுகள் சார்னோகைட் என்ற பாறை. கல்கத்தா நகரத்தோடு பெயர் பிணைந்துபோன ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல்லைப் பார்த்துவிட்டு, நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் அந்தப் பாறை இனத்துக்கே அந்தப் பெயரை வைத்தார். பல தலைமுறைகளாக உடைத்து, வீட்டு அஸ்திவாரத்துக்கும் ரயில் தண்டவாள ஜல்லிக்கும் கொண்டுபோய், இப்போது கைவிடப்பட்ட குவாரிகளில் தண்ணீர் நிற்கிறது. கறுத்துப் பச்சைபோல் மினுங்கும் அந்தக் கல்லில் இரும்பு கலந்த ஹைப்பர்ஸ்தீன் இருக்கிறது, ஃபெல்ட்ஸ்பார் இருக்கிறது, குவார்ட்ஸ் இருக்கிறது. சுமார் 250 கோடி வருஷங்களுக்கு முன் பூமியின் ஆழத்தில் 700, 800 டிகிரி சூட்டில் வெந்த கல் இது. அது ஆறி மேலே வந்தபோது அதிலிருந்த ஒவ்வொரு குவார்ட்ஸ் மணியும் ஒரு காரியம் செய்தது. அது தன் சமச்சீர்மையை இழந்தது.

இதைச் சொல்லக் கோலம் போதும். ஆறு இதழும் ஒன்றுபோல உள்ள ஒரு கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதை ஆறில் ஒரு பங்கு சுழற்றினால் மறுபடி அதே கோலம். இப்போது ஒன்று விட்டு ஒன்றாக மூன்று இதழ்களைக் கொஞ்சம் நீட்டி மற்ற மூன்றைக் குறுக்குங்கள். இனி மூன்றில் ஒரு பங்கு சுழற்றினால்தான் அதே கோலம் வரும். ஆறு மூன்றாகிவிட்டது. எந்த மூன்றை நீட்டுவது என்பதில் இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் சமம், ஆனால் ஒன்றைத்தான் தேர்ந்தாக வேண்டும். சாதாரண காற்றழுத்தத்தில் 573 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலே குவார்ட்ஸ் ஆறுமுகச் சமச்சீர்மை உடையது, கீழே மூன்றுமுகம். ஆழத்தின் அழுத்தத்தில் இந்த வெப்பநிலை இன்னும் உயரும். ஆறும்போது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த நான்முகக் கூடுகள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சற்றுத் திரும்புகின்றன. ஒரே மணிக்குள் ஒரு பகுதி இப்படியும் இன்னொரு பகுதி அப்படியும் திரும்பியிருந்தால் அதை டோஃபினே இரட்டை என்பார்கள்.

இதில் என்னை எப்போதும் கவர்ந்த விஷயம் ஒன்று உண்டு. பல்லாவரத்துக் கல்லின் மெல்லிய சீவல் ஒன்றைத் தளவிளைவு நுண்நோக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஹைப்பர்ஸ்தீன் திருப்பத் திருப்ப இளஞ்சிவப்புக்கும் வெளிர்பச்சைக்கும் மாறும். குவார்ட்ஸ் சாம்பலாகவும் வெள்ளையாகவும் தெரியும். டோஃபினே இரட்டை மட்டும் தெரியாது. இரண்டு பகுதிகளுக்கும் ஒளி அச்சு ஒன்று. ஒளி விலகலும் ஒன்று. ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில் அரித்துப் பார்த்தால்தான் எல்லைக்கோடு வெளிப்படும். முறிவு நடந்திருக்கிறது, அதன் தழும்பும் இருக்கிறது, ஊடுருவிச் செல்லும் ஒளிக்கு மட்டும் அது தெரியவில்லை.

ஊடுருவும் ஒளிக்குத் தெரியாதது சிதறும் ஒளிக்குத் தெரியுமா? 1940 ஜனவரியில் ‘நேச்சர்’ பத்திரிகையில் ராமனும் டி.எம்.கே.நெடுங்காடியும் எழுதிய சிறு குறிப்பு இந்தக் கேள்விக்கான பதில்தான். ராமன் 1933லேயே பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு வந்துவிட்டிருந்தார். அவர்கள் செய்தது எளிமையாகச் சொல்லக்கூடியது. ஒரு குவார்ட்ஸ் ஸ்படிகத்தைச் சூடேற்றிக்கொண்டே, அதில் சிதறிய ஒளியின் நிறமாலையைப் படமெடுத்தார்கள். ஸ்படிகத்தின் அணுக்கள் பலவிதமாக அதிர்கின்றன. ஒவ்வொரு அதிர்வும் உள்ளே வரும் ஒளியிடமிருந்து தன் பங்கை வாங்கிக்கொள்கிறது. அந்தக் கழிவு நிறமாலையில் ஒரு கோடாக விழுகிறது. கொடுத்ததற்கும் திரும்பியதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து வட்டியைக் கண்டுகொள்வது மாதிரி. சூடேறினாலும் பெரும்பாலான கோடுகள் ஏறக்குறைய தம் இடத்தில் நின்றன. சென்டிமீட்டருக்குச் சுமார் 220 அலை என்ற கணக்கில் இருந்த ஒரு கோடு மட்டும் நிற்கவில்லை. நிலைமாற்ற வெப்பநிலை நெருங்க நெருங்க அது மூல ஒளியின் பக்கமாகப் பரவி, மங்கி, பட்டையாகிவிட்டது. அந்த ஒரு அதிர்வுதான் ஸ்படிகத்தை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு இட்டுச் செல்வதில் விசேஷப் பங்கு கொள்கிறது என்று இருவரும் அனுமானித்தார்கள்.

இதன் கனத்தைச் சொல்ல வேண்டும். கோடு மூல ஒளியை நோக்கி நகர்கிறது என்றால் அந்த அதிர்வின் அதிர்வெண் குறைகிறது. அதிர்வெண் குறைகிறது என்றால் அணுவைப் பழைய இடத்துக்கு இழுக்கும் விசை தளர்கிறது. அது முழுக்கத் தளரும் இடத்தில் அணு திரும்பி வராது. போன இடமே புது இடம். சமச்சீர்மை உடைவதற்கு முன்பே, எந்த வழியாக உடையப் போகிறது என்பதை ஸ்படிகம் அதிர்ந்து காட்டிவிடுகிறது. பின்னால் இதற்கு இளகும் அதிர்வு என்று பொருள்படும் ஒரு பெயர் வந்தது. அந்தப் பெயர் பெங்களூரில் பிறக்கவில்லை. 1958இல் பிலிப் ஆண்டர்சன் மாஸ்கோவில் ஒரு கருத்தரங்கிலும், 1959இல் வில்லியம் காக்ரன் இங்கிலாந்திலும் தனித்தனியாக இந்தக் கருத்தைக் கோட்பாடாக்கினார்கள். கோட்டுக்கும் கோட்பாட்டுக்கும் நடுவே பதினெட்டு, பத்தொன்பது வருஷங்கள்.

ஏன் இந்த இடைவெளி? யுத்தம் என்று சொல்லலாம். லேசர் இல்லாத காலம், ஒரு படம் எடுக்க நெடுநேரம் காத்திருக்க வேண்டும் என்றும் சொல்லலாம். நிலைமாற்றத்தில் சமச்சீர்மைக்கு உள்ள இடத்தை லாண்டாவ் 1937லேயே எழுதிவிட்டார்; அது பெங்களூரின் சிந்தனையில் கலக்கவில்லை என்பதும் உண்மை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1941இலிருந்து ராமன், மாக்ஸ் பார்னின் ஸ்படிக அதிர்வுக் கோட்பாட்டை மொத்தமாக நிராகரித்தார். ஸ்படிகத்தில் அதிர்வெண்கள் தொடர்ச்சியாகப் பரவியுள்ளன என்பது பார்ன் மரபு. எண்ணிச் சொல்லக்கூடிய சில அதிர்வெண்கள் மட்டுமே உண்டு என்பது ராமன் கட்சி. நிறமாலையில் கூர்மையான கோடுகளைத் தன் கண்ணால் பார்த்தவருக்கு அந்தக் கோடுகளே ஸ்படிகத்தின் முழு உண்மை என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை. பிற்கால அளவைகள், குறிப்பாக நியூட்ரான் சிதறல், பார்ன் பக்கம் தீர்ப்பளித்தன. ராமன் 1970இல் இறக்கும் வரை தன் கட்சியை விடவில்லை.

இதன் விபரீதத்தைக் கவனியுங்கள். காக்ரனின் இளகும் அதிர்வு பிறந்தது பார்ன் மரபுக்குள். ஸ்படிகத்துக்குள் அருகருகே உள்ள அணுக்களின் விசையும் தூரத்து மின்விசையும் ஒன்றையொன்று ஏறக்குறைய ரத்து செய்துகொள்வதால் ஓர் அதிர்வு தளர்ந்துபோகிறது என்பது அவர் காட்டிய வழி. அதாவது 1940இல் ராமன் கண்ட கோட்டுக்கு வீடு, அவர் அடுத்த வருஷம் கதவடைத்த கட்டிடத்தில் இருந்தது. பார்வை அவரிடம் இருந்தது. அந்தப் பார்வைக்குப் பொருள் தரக்கூடிய கோட்பாட்டோடு அவர் சண்டையில் இருந்தார். நம் கலை விமர்சனத்திலும் இதை நாம் பார்த்திருக்கிறோம். தன் கண்ணை மட்டும் நம்பும் தீவிரம் ஒருவனைக் கலைஞனாக்கும். அதே தீவிரம் அவனைத் தன் படைப்பின் வாசலிலேயே நிறுத்தியும் விடும்.

இரண்டு மலிவான முடிவுகளை இங்கே தவிர்க்க வேண்டும். எல்லாம் நம்மவர் முன்பே கண்டது என்பது ஒன்று. அது வெறும் அவதானிப்பு, கோட்பாடு அல்ல என்பது இன்னொன்று. 1940 குறிப்பில் ஓர் அனுமானம் இருக்கிறது. ஏன் என்பதற்கான பதில் இல்லை. 1974இல் இளகும் அதிர்வுகள் பற்றி விரிவான மதிப்புரை எழுதிய ஜே.எஃப்.ஸ்காட் ராமன்-நெடுங்காடியிடம் உரிய மரியாதையோடுதான் திரும்பிப் போகிறார். விஷயம் அவர்கள் நினைத்ததைவிடச் சிக்கலானது என்பதும் தெரிந்தது. இன்று 207 என்று அளக்கப்படும் அந்தக் கோட்டோடு 147இல் இன்னொரு பட்டையும் கலந்து குழப்புகிறது என்று 1967இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். நிலைமாற்றத்தில் குவார்ட்ஸ் பால்போல் வெளுத்துச் சிதறுவதாக 1956இல் மாஸ்கோவில் அறிவிக்கப்பட்ட அதிசயம், அசைவற்ற பகுதிகளின் எல்லைகளால் வந்தது என்று 1968இல் தெரிந்தது. 1980களில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஆறுக்கும் மூன்றுக்கும் நடுவே சுமார் ஒன்றரை டிகிரிக்குள் ஒரு தனி நிலையே இருப்பதைக் காட்டினார்கள். ஒரு கல் முறிவதை முழுக்கப் புரிந்துகொள்ள நாற்பது வருஷம் போதவில்லை.

காந்தத்துக்கு வருகிறேன். கிருஷ்ணன் 1928 டிசம்பரில் டாக்கா பல்கலைக்கழகத்துக்கு ரீடராகப் போனார். ஒளியை விட்டுவிட்டுக் காந்தத்துக்குப் போய்விட்டார் என்று இதைச் சொல்வது வழக்கம். விட்டுவிடவில்லை என்றே எனக்குப் படுகிறது. திசையைக் கேட்கும் கேள்வியைக் கையோடு கொண்டுபோனார். ஒரு சிறு ஸ்படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, சீரான காந்தப்புலத்தில் அது எந்தப் பக்கம் திரும்புகிறது, திரும்பவிடாமல் இழையை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று அளந்தார். ஸ்படிகத்தின் காந்தக் குணம் திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்பது அதிலிருந்து கிடைத்தது. பி.சி.குஹா, எஸ்.பானர்ஜி ஆகியோரோடு அவர் 1933இல் தொடங்கிய கட்டுரை வரிசை, அணுவைச் சுற்றியுள்ள அயலவர்கள் அதன் காந்தத்தை எப்படி வளைக்கிறார்கள் என்பதற்கு ஆதாரமானது.

கிருஷ்ணனின் முறைக்கு ஓர் எல்லை உண்டு. எதிர்க்காந்தப் பொருள்களில் அடுத்தடுத்த அணுக்களின் ஸ்பின், புள்ளிக்கோலத்தில் ஒன்று விட்டு ஒன்று நிறம் மாற்றினதுபோல், மேல், கீழ், மேல், கீழ் என்று நிற்கின்றன. கூட்டினால் பூஜ்யம். வெளியே ஒரு குண்டூசியையும் இழுக்காது. ஆனால் உள்ளே சமச்சீர்மை உடைந்துவிட்டது: ஒரு புள்ளி தள்ளினால் மேல் கீழாகிவிடும். டோஃபினே இரட்டை மாதிரி இதுவும் வெளிக்குத் தெரியாத முறிவு. லேசர் வந்தபின் 1966இல் பெல் ஆய்வகத்தில் ஃப்ளூரியும் அவர் கூட்டாளிகளும் இரும்பு ஃப்ளோரைடு ஸ்படிகத்தில் ஒளியைச் சிதறவைத்து, இந்த மேல்-கீழ் வரிசையில் ஓடும் அலைகளின் கோடுகளை நேராகப் பார்த்தார்கள். சுமார் 78 கெல்வினுக்குக் கீழே மட்டும் உருவாகும் ஒழுங்கு அது. ராமன் கோடு காந்தத்தின் மொழியையும் பேசும் என்று நிரூபணமாயிற்று.

அதற்குப் பின்னான அத்தியாயத்தில் சென்னையின் தென்புறம் வருகிறது. கல்பாக்கத்தில் 1971இல் தொடங்கிய அணு உலை ஆராய்ச்சி மையத்தில் ஏ.கே.சூட் 1973 முதல் 1988 வரை இருந்து ராமன் சிதறலைத் தன் துறையாக்கிக்கொண்டார். 1986இல் பெட்நார்ஸும் மியூல்லரும் தாமிர ஆக்சைடுகளில் உயர்வெப்ப மீகடத்தலைக் கண்டதும், தரமணி கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜி.பாஸ்கரன், அதே ஆண்டர்சனோடு சேர்ந்து 1987இல் அதற்கு ஒரு கோட்பாடு எழுதினார். இந்தப் பொருள்களில் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் ஓட முடியாது. நெரிசல் நேர மின்சார ரயிலில் ஒருவர் கை தூக்கினால் நாலு பேர் நகர வேண்டியிருப்பதுபோல. அதனால் லாந்தனம் தாமிர ஆக்சைடு கடத்தியாக இருக்க வேண்டிய இடத்தில் காப்பானாகி, எதிர்க்காந்தமாக நிற்கிறது. 1988இல் ஒளிச்சிதறல் அதன் ஸ்பின்களின் பிணைப்பு எவ்வளவு பலமானது என்பதை அளந்து சொல்லிற்று.

1990இல் சென்னை ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி. படித்த பி.ஸ்ரீராம் சாஸ்திரியும் போரிஸ் ஷ்ரைமனும் ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டினார்கள். உள்ளே வரும் ஒளியின் தளவிளைவுத் திசையையும் வெளியே போகும் ஒளியின் திசையையும் தேர்ந்து பொருத்தினால், அப்படிப்பட்ட காந்தத்தில் வெவ்வேறு சமச்சீர்மையுள்ள அசைவுகளைத் தனித்தனியே பிரித்துக் கேட்கலாம். ஒரு பொருத்தத்தில் மேல்-கீழ் அலைகள் வரும். இன்னொன்றில், பக்கத்துப் பக்கத்து மூன்று ஸ்பின்கள் சேர்ந்து வலம்புரியாகச் சுழல்கின்றனவா இடம்புரியாகவா என்ற கணக்கு வரும். 1991இல் ஃப்ளூரி குழுவினர் பரிசோதனையில் அந்தப் பொருத்தத்தில் சிதறலைக் கண்டார்கள். அது நிலையான முறிவு அல்ல. முறிவை நோக்கிய அலைவுகள். 1940இல் குவார்ட்ஸ் அதிர்ந்து காட்டியதுபோலத்தான்.

1928இல் கிருஷ்ணன் கேட்ட கேள்வி இது என்பதை இப்போது நினைவுபடுத்தத் தேவையில்லை. ஒளி எந்தத் திசையை நினைவில் வைத்திருக்கிறது? கேள்வி அப்படியே இருக்க, அது கேட்கப்படும் பொருள்கள் மாறிக்கொண்டே வந்தன: திரவம், ஸ்படிகம், காந்தம்.

இந்தச் சரித்திரத்தை மனிதர்களின் வரிசையாகச் சொன்னால் நோபல் ஒரு பக்கமும் மறக்கப்பட்டவர் ஒரு பக்கமுமாக ஒரு வழக்குத்தான் மிஞ்சும்: ராமனா கிருஷ்ணனா, பெங்களூரா கல்கத்தாவா. நெடுங்காடிக்கு அந்த வழக்கில் சாட்சியாகக்கூட இடமில்லை. கேள்வியின் வரிசையாகச் சொன்னால் ஒவ்வொருவருக்கும் அவரவர் செய்ததன் அளவில் இடம் கிடைக்கும். ராமனின் பிடிவாதம் உட்பட. பெரிய மனிதர்களின் தவறுகளைச் சொல்லாமல் விடுவதை மரியாதை என்று நாம் நினைக்கிறோம். தவறு எந்த இடத்தில் நேர்ந்தது என்று தெரியாத வரை, சரியாகப் பார்த்த இடத்தின் அருமையும் தெரியாது. கோடு நகர்ந்ததைப் பார்த்த கண்ணுக்கு நாம் செய்யும் மரியாதை, அது ஏன் நகர்ந்தது என்று மேற்கொண்டு கேட்பதுதான்.